துவக்குக்கு எந்தப் பெட்டி: நம்பர்ப் பூட்டா, பட்டறை அலுமாரியா?

வயல் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில், வீடு கடற்கரையோர உப்புவெளியில். பன்றிக் காவலுக்கு அனுமதி எடுத்த ஒற்றைக்குழல் 12 போர் (குழல் அளவு) துவக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைக்க இரண்டு வழி பார்த்தேன்: கடையில் விற்கும் நம்பர்ப் பூட்டுப் பெட்டி, பட்டறையில் அடிக்கும் இரும்பு அலுமாரி. வயல் வாடியில் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதி ஒருவர் பேரில் வருவது. என் மகன் ஆனாலும் அவன் கைக்கு அது எட்டக் கூடாது.

களவுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு பெட்டியும் தாங்கும், சுவரோடு இறுக்கினால். என்னை முடிவெடுக்க வைத்தது துரு.

முதலில் வாங்கியது நம்பர்ப் பூட்டுப் பெட்டிதான். உள்ளே தடித்த பஞ்சு ஒட்டியிருந்தது, பார்க்க வடிவு. ஐப்பசியில் வாடை தொடங்கியதும் அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்தது. தையில் துவக்கைத் தூக்கினேன். குழலில் பஞ்சு பட்ட பக்கம் முழுக்கச் செம்மண் பூசினதுபோல் துரு. இலக்கம் அடித்த இடத்திலும் பிடித்திருந்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அனுமதிப்பத்திரம் மார்கழி 31உடன் முடியும், வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். அதில் எழுதிய இலக்கம் துவக்கில் வாசிக்க முடியாமல் போனால் என்ன சொல்லி நிற்பது?

பிறகு திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு பட்டறையில் 3 மில்லிமீற்றர் தகட்டில் அலுமாரி அடிப்பித்தேன். "அண்ணை, மேலயும் கீழயும் காத்துப் போக ஓட்டை விடட்டோ?" என்று அந்தப் பெடியன்தான் கேட்டான். விரல் நுழையாத சிறு துளைகள். கடற்பக்கச் சுவரில் வைக்காமல் நடு அறைச் சுவரில், உள்ளிருந்து நாலு போல்ட் போட்டு இறுக்கினோம். துவக்கு பட்டுக்கொள்வது பலகைத் தாங்கியில் மட்டும். குழல்வாய் கீழே பார்க்க நிறுத்துவேன். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வடிந்து கட்டைக்குள் இறங்கி மரம் ஊறிப்போகும். மாரியில் கிழமைக்கு ஒருதரம் எண்ணெய்த் துணியால் துடைப்பேன், கை பட்ட இடத்தைக் கட்டாயம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையை மாதம் ஒருக்கால் மாற்றுவேன். மூன்று மாரி போய்விட்டது, புதிதாக ஒரு புள்ளித் துரு இல்லை.

நம்பர்ப் பூட்டில் ஒரு நன்மை உண்மையாகவே உண்டு: திறப்பு இல்லை, ஆகவே திறப்பைத் தேடி எடுக்க ஆளும் இல்லை. என் அலுமாரிக்கு இரண்டு திறப்பு. ஒன்று எப்போதும் என் அரைஞாணில். மற்றதை வைக்கத்தான் இடம் யோசிக்கவேண்டியிருந்தது. அந்தப் பெட்டியை நான் பாவித்தது ஒரே ஒரு மாரி. கடற்கரையை விட்டுத் தள்ளி, கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே உழைக்கக்கூடும்.

எதை வாங்கினாலும் தோட்டாவை அதற்குள் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அது வேறு அறையில், வேறு பூட்டில் இருக்கிறது. துவக்கை மடித்துக் குழலுக்குள் விரல் விட்டுப் பார்க்காமல் நான் அலுமாரியைச் சாத்துவதில்லை.