ஃபின் தேய்க்க வாட்டர் பேப்பர்: 600 நம்பருக்கு மேல் போக வேண்டாம்

220-இல் தொடங்கி 2000 நம்பர் வரை (நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும்) எல்லாம் ஒரே பாக்கெட்டில், கூடவே கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் கட்டை. விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று நீரில் ஓடும் விளையாட்டு) போர்டின் அடியில் துருத்தி நிற்கும் துடுப்பான ஃபினையும், போர்டின் அடிப்பக்கத்தையும் தேய்க்க இந்த வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) செட்டைக் கொஞ்ச காலமாகப் பயன்படுத்துகிறேன். தாள் அருமை. ஆனால் பாக்கெட்டில் பாதி தேவையே இல்லை.

முதலில் தாளைப் பற்றி. கறுப்பு சிலிக்கான் கார்பைடு, பின்பக்கம் ஊறினாலும் குழையவில்லை. இதற்கு முன் வாங்கிய மலிவான தாள் ஒன்று நனைத்த கொஞ்ச நேரத்திலேயே சுருண்டு, தேய்க்கும் மணிகளை உதிர்க்க ஆரம்பித்தது, அப்படி உதிர்ந்த ஒரு மணி கட்டைக்கு அடியில் மாட்டினால் போதும், வழவழப்பாக்கிய இடத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்துவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் தாள் அடைத்துக்கொள்ளாமல் ஓடுகிறது. வாங்கும்போது தாளின் பின்னால் நம்பருக்கு முன் "பி" (P) என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பி400 மணி சுமார் 35 மைக்ரான், அமெரிக்க அளவில் வெறும் 400 என்றால் சுமார் 23 மைக்ரான். இரண்டையும் கலந்து வாங்கினால் வரிசையே குழம்பிவிடும்.

1000, 1500, 2000 நம்பர்களால் ஃபின் கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் வேகம் அதிகரிக்காது. தண்ணீர் மேற்பரப்பை ஒட்டி ஓடும்போது ஒரு மெல்லிய அடுக்கு வேகம் குறைந்து நகர்கிறது, அதற்குள் அடங்கிவிடும் கீறல்கள் இழுவையைக் கூட்டுவதில்லை. நொடிக்கு 10 மீட்டர், அதாவது 19 நாட் வேகத்தில் இந்த வரம்பு ஏறத்தாழ 10 மைக்ரான். பி600-இன் மணி 26 மைக்ரான்தான், அது போடும் கீறலின் ஆழமோ அதில் ஒரு சிறு பங்கு. மெழுகு பூசுவதும் வீண், கரையில் தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைப் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் பலன் தருவது வடிவத்தைச் சீராக்குவது, அதற்கு இந்த ரப்பர் கட்டைதான் பாக்கெட்டிலேயே மதிப்பான பொருள். வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடத்தில் பள்ளம் விழும். ஜி10 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த கெட்டித் தகடு) ஃபினின் முன் விளிம்பு கல்லில் பட்டு நகக்கண் அளவு உடைந்திருந்தது, வேகமெடுக்கும்போது அங்கிருந்தே நீரோட்டம் பிய்ந்து போர்டின் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போனது. எபாக்ஸி பசை வைத்து நிரப்பி, நன்றாக இறுகிய பிறகு மேலே பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, 320-ஐக் கட்டையில் சுற்றிக் கோடுகள் ஒரே சீராக மறையும் வரை தேய்த்தேன், அப்புறம் 400, கடைசியாக 600, நீர் ஓடும் திசையிலேயே. சறுக்கல் நின்றுவிட்டது. முன் விளிம்பைக் கத்தி மாதிரி கூராக்க வேண்டாம், கொஞ்சம் கோணம் மாறினாலே பிடி விட்டுவிடும், அங்கே உருண்டை அவசியம். ஃபின் ரீங்காரம் போட்டால் பெரும்பாலும் பின் விளிம்புதான் தடிமனாக இருக்கும், அதை மெல்லிசாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

போர்டில் கை வைப்பது வால் பக்கம் மட்டும். அங்கே அடிப்பக்கத்தின் ஓரம் கூராக இருந்தால் தண்ணீர் ஒட்டாமல் விலகும், மழுங்கியிருந்தால் போர்டை இழுத்துப் பிடிக்கும். ஆனால் மேல்தோல் மிக மெல்லியது, பெயின்ட்டுக்குக் கீழே நாரிழை எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள், உள்ளே ஃபோமுக்குத் தண்ணீர் போனால் போர்டு கனத்துவிடும்.

கார்பன், கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எப்போதும் ஈரமாகவே தேய்க்கவும், முகமூடியும் கையுறையும் போடவும், வடியும் சேற்றைக் காயவிடாமல் துணியால் ஒற்றி எடுத்துவிடவும்.

அடுத்த முறை செட்டாக வாங்க மாட்டேன். இதே தாள் 320, 400, 600 தனித்தனியாகக் கிடைக்கிறது, அதில் 400 மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள், முதலில் தீர்வது அதுதான்.