2 டிபி என்று சொல்லி 32 ஜிபியைத் தலையில் கட்டுகிறார்கள்

நம்ப முடியாத மலிவு விலையில் 2 டிபி (ஏறக்குறைய 2,000 ஜிபி) பென் டிரைவ் வாங்குகிறவர்கள் ஏமாந்தது உடனே தெரியாது. செருகினால் 2 டிபி என்றே காட்டும். படங்களும் ஏறும், பெயர், அளவு, தேதி எல்லாம் ஒழுங்காக இருக்கும். சில வாரம் கழித்துப் பார்த்தால் முதலில் போட்டவை மட்டும் திறக்கும். மற்றதெல்லாம் பாதி சாம்பல் நிறமாக வரும், அல்லது திறக்கவே திறக்காது.

உள்ளே இருப்பது 32 ஜிபி சிப். டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் உள் மென்பொருளை (ஃபர்ம்வேர்) திருத்தி 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். 32 ஜிபி தாண்டி வருவதைச் சில டிரைவ்கள் வாங்கிக் கீழே போட்டுவிடும். சில, பழைய கோப்புகளின் மேலேயே எழுதும். கோப்புப் பட்டியல் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பெயர்கள் மட்டும் தப்பிக்கும். எழுதப்படாத தரவை எந்த ரெக்கவரி மென்பொருளும் மீட்காது. அதற்கு வேறு காசைத் தொலைக்காதீர்கள்.

காப்பி செய்த கையோடு திறந்து பார்ப்பது சோதனையே அல்ல. கணினி அதை டிரைவிலிருந்து படிக்காமல், தன் தற்காலிக நினைவகமான ரேமிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கலாம்.

காலி டிரைவில் ஒரு சோதனை மென்பொருளை ஓட்டுங்கள்: விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸ், மேக் என்றால் எஃப்3 (F3). முழு இடத்தையும் 1 ஜிபி கோப்புகளால் நிரப்பித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 2 டிபியை எழுத மட்டுமே ஏறக்குறைய 28 மணி நேரம். பொறுமை போய் 10 ஜிபியோடு நிறுத்தினால் போலியும் பாஸாகிவிடும். ஆனால் பிழை வரத் தொடங்கிவிட்டால் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

(2 டிபிக்கு விண்டோஸ் 1.81 என்று காட்டுவது மோசடி அல்ல, கணக்கிடும் முறை வேறு.)

'போர்ட்டபிள் எஸ்எஸ்டி' (கையடக்கமான வேகச் சேமிப்புப் பெட்டி) என்று வருவதிலும் இதே கதை. உலோகப் பெட்டியைத் திறந்தால் சின்ன போர்டில் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, கனம் காட்ட ஒரு இரும்புத் துண்டு. பெட்டியைத் திறக்காமலே ஒன்றைப் பார்க்கலாம்: யூஎஸ்பி 3.0 பிளக்கில் முன்னால் 4, உள்ளே தள்ளி 5 என 9 தொடுமுனைகள் இருக்க வேண்டும். நீல நிறம் மட்டும் இருந்து 4 முனைதான் என்றால் அது வேகம் குறைந்த பழைய 2.0.

பிழை வந்த திரையைப் படமெடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முழுப் பணத்தையும் கேளுங்கள். 'பாதி தருகிறோம், பொருளை வைத்துக்கொள்ளுங்கள்' என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். திருப்ப வழியே இல்லையென்றால், சோதனை காட்டிய உண்மையான அளவுக்குள் மட்டும் ஒரு பகுதியை ஒதுக்கி (பார்ட்டிஷன்) பாட்டு கேட்க வைத்துக்கொள்ளலாம். இவற்றில் போடும் சிப் பெரும்பாலும் கழித்துக் கட்டிய ரகம், அதனால் வேறு பிரதி இல்லாத எதையும் அதில் ஏற்றாதீர்கள்.