சிறு திரையில் தமிழ்: யு8ஜி2 நிரலகம் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

0.96 அங்குல ஓஎல்இடி திரையில் அறையின் வெப்பநிலையையோ தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தையோ ஆங்கிலத்தில் காட்டுவதற்கு ஏறக்குறைய எந்த நிரலகமும் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) போதும். அதையே தமிழில், அதுவும் நாமே தேர்ந்தெடுத்த எழுத்துருவில் காட்ட வேண்டும் என்று இறங்கும்போதுதான் அவற்றின் தராதரம் தெரியவருகிறது. ஒற்றை நிறத் திரைகளுக்கென எழுதப்பட்டு, ஆர்டுவினோ என்ற சிறு மின்னணுப் பலகையின் பயனர்களிடையே பரவலாகப் புழங்கும் யு8ஜி2 நிரலகத்தை இந்த ஓர் அளவுகோலைக் கொண்டு மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் அதன் பலம். எஸ்எஸ்டி1306 சில்லு இயக்கும் 128×64 பிக்சல் திரையின் ஒரு முழுப் படத்துக்கு 1,024 பைட் நினைவகம் தேவை. ஆர்டுவினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா 328பி சில்லின் மொத்த ரேம் 2,048 பைட்தான் என்பதால், திரைக்கே பாதி போய்விடும். யு8ஜி2 இதற்கு வழி வைத்திருக்கிறது: திரையை எட்டுக் கிடைப்பட்டைகளாகப் பிரித்து, 128 பைட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, வரையும் நிரலை எட்டு முறை ஓட்டி முழுப் படத்தையும் முடிக்கிறது. வேகம் குறையும், ஆனால் விநாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டுவதற்கு அந்தக் குறை கண்ணில் படாது. எழுத்துருக்கள் சுருக்கப்பட்ட வடிவில் ஃபிளாஷ் நினைவகத்தில் உட்காருவதால் ரேமைத் தொடுவதும் இல்லை. ஈஎஸ்பி32 போன்ற பெரிய சில்லுகளில் இந்தச் சிக்கனம் எதுவும் தேவைப்படாது. முழுத் திரைக்கும் நினைவகம் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறை உரையை நேரடியாக ஏற்கும் தனிச் செயற்கூறும் இதில் உண்டு. தமிழுக்கு இது பாதி வழி மட்டுமே. 'வெப்பநிலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் ஒன்பது குறியெண். யுடிஎஃப்-8 முறையில் 27 பைட். ஒருங்குறியில் முதலில் வகரமும் அதன் பின்னரே ஒற்றைக்கொம்பும் சேமிக்கப்படுகின்றன. யு8ஜி2 வந்த வரிசையிலேயே வரைவதால், கொம்பு வகரத்தின் வலப்பக்கம் போய் நிற்கிறது; சொல்லின் இறுதியில் ஐகாரக் குறியும் அப்படியே லகரத்துக்குப் பின்னால் விழுகிறது. புள்ளியை அகலமற்ற வடிவமாக வைத்து முந்தைய எழுத்தின் மேல் ஏற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் டகரத்தின் அகலம் வேறு, ணகரத்தின் அகலம் வேறு என்பதால் புள்ளி எல்லா எழுத்திலும் நடுவில் நிற்பதில்லை. போதாததற்கு, நிரலகத்தின் இயல்பான எழுத்து முறையில் ஒவ்வொரு வடிவத்தின் பின்னணியும் சேர்த்தே நிரப்பப்படுவதால், ஒளிபுகும் முறைக்கு மாற்றாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவதில் கீழே உள்ளது அழியும்.

எழுத்துருவை மாற்றித் தருவதற்காக நிரலகத்தோடு வரும் பிடிஎஃப்கான்வ் என்ற கருவி சிறப்பானது. வேண்டிய குறியெண்களை மட்டும் எல்லை கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. குறை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை பிடிஎஃப் (BDF; எழுத்துகளைப் பிக்சல் படங்களாக வைக்கும் கோப்பு, PDF அல்ல) வடிவுக்கு மாற்ற வழக்கமாகப் பயன்படும் ஓடிஎஃப்2பிடிஎஃப், குறியெண் உள்ள வடிவங்களை மட்டுமே எடுத்துத் தரும். கு, ணூ, டி போன்ற கூட்டு வடிவங்களுக்குத் தனிக் குறியெண் இல்லாததால் அவை வெளியே வருவதேயில்லை. ஆகவே ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்புப் பொறியைக் கணினியில் ஓட்டி, ஒவ்வொரு கூட்டு வடிவத்தையும் படமாக எடுத்து, ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் (57344 முதல் 63743 வரை) குறியெண் கொடுத்து, பிடிஎஃப் கோப்பை நாமே கட்ட வேண்டியிருக்கிறது.

வேலை பெரிதாகத் தெரிந்தாலும் கணக்கு சாதகமாகவே வருகிறது. உயிர் 12, ஆய்தம் 1; கிரந்தம் உட்பட 23 மெய்களுக்கு அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறாறு வடிவங்கள், ஆக 138; துணைக்கால், இரண்டு கொம்புகள், ஐகாரக் குறி, ஔகாரத்தின் பின்பாதி, ஸ்ரீ. மொத்தம் 157. ஒவ்வொன்றும் 16×16 பிக்சல் என்றால் சுருக்காமலே 5,024 பைட். ஊனோவின் 32 கிலோபைட் ஃபிளாஷில் இது தாராளமாக அடங்கும். கொம்புகளை முன்னால் நகர்த்தி, ஒகர ஓகாரங்களை இரண்டாகப் பிரிக்கும் நிரல் ஒரு பக்கத்தைத் தாண்டாது. காட்ட வேண்டிய சொற்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்றால் அதுவும் வேண்டாம். கணினியிலேயே வரிசையை மாற்றிச் சில்லில் ஏற்றிவிடலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன் தஸ்கி குறியேற்றம் எட்டு பிட்டுக்குள் தமிழை அடக்கியதும் இதே வழியில்தான்: கொம்பு முன்னால், கூட்டு வடிவங்களுக்குத் தனி இடம்.

போட்டியாளர்களைப் பார்த்தால், ஏடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் எழுத்தை ஒவ்வொரு பைட்டாகவே வாங்குவதால் யுடிஎஃப்-8 தமிழ் அதற்குள் நுழையாது. மேற்சொன்ன 157 வடிவங்களையும் ஆங்கிலத்தின் 95 குறிகளையும் ஒரே எட்டு பிட் அட்டவணையில் திணிக்க முடியும் என்றாலும், இரண்டு வரிமாற்றக் குறிகளையும் உரையின் முடிவைக் காட்டும் சுழியக் குறியையும் தவிர்த்த பிறகு ஓரிடம்தான் மிச்சமிருக்கும். ரூபாய்க் குறியை வைத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. எல்விஜிஎல் அரபு எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரிந்தது. தமிழின் கொம்புகளை நகர்த்தும் வேலையை அதுவும் நம்மிடமே விடுகிறது. ஐஎல்ஐ9341 போன்ற வண்ணத் திரைக்குப் போவோர் டிஎஃப்டி ஈஎஸ்பிஐ நிரலகத்தின் விளிம்பு மென்மையான எழுத்துருக்களைப் பார்க்கலாம். ஒற்றை நிறத்துக்கு யு8ஜி2-வை மிஞ்ச அவற்றில் எதுவும் இல்லை.

எழுத்தின் அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 16 வரிசைகளில் மேலே புள்ளிக்கும் கீழே உகரச் சுழிப்புக்கும் இடம் ஒதுக்கியபின் எழுத்தின் உடலுக்கு ஒன்பது, பத்து வரிசைகளே மிஞ்சும். ணகரத்தின் மூன்று சுழிகளும் திறந்திருக்க வேண்டுமானால் கோடும் இடைவெளியும் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சலாக வர வேண்டும். தானியங்கி மாற்றம் அதை அடைத்துவிடுகிறது, ணகரமும் னகரமும் ஒன்றுபோலாகின்றன. ண, இ, ஐ, ஜ ஆகியவற்றையேனும் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு திருத்தும் மென்பொருளில் திறந்து கையால் திருத்திய பிறகே பிடிஎஃப்கான்வுக்குக் கொடுங்கள். இந்த உயரத்தில் 'வெப்பநிலை' ஏழு வடிவங்களாக 112 பிக்சல் வரை எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கு அடுத்த வரியை ஒதுக்கித் திரையைத் திட்டமிடுவது நல்லது.