வேலூர் மொட்டை மாடிக்கு 575 வாட் டாப்கான் சோலார் பேனல்: வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம்; டாப்கான் என்பது புது வகை சோலார் செல். ஆனால் கண்ணாடியை எந்தத் தண்ணீரில் கழுவப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்து உப்புப் போர் தண்ணீர் முதலில் கைவைப்பது இந்தப் பேனலின் மேல்பூச்சில்தான்.

வெறும் கண்ணாடி, நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தை மேல்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதைத் தடுக்க 100 முதல் 150 நானோமீட்டர் தடிமனில் நுண்துளை சிலிக்கா பூசுகிறார்கள். துளைகளில் காற்று இருப்பதால் பூச்சின் ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை வளைக்கும் அளவு) காற்றுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நிற்கிறது. உள்ளே போகும் வெளிச்சம் 2 முதல் 3 சதவீதம் கூடுகிறது. கண்ணாடிக்கு அடியில் மின்சாரம் தயாரிக்கும் செல்லின் மேல் இன்னொரு அடுக்கு, சுமார் 75 நானோமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு. செல் கருநீலமாகத் தெரிவது அதனால்தான்.

கடையிலேயே சோதிக்கலாம். பேனலைச் சாய்த்து டியூப் லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். பூச்சு நன்றாக இருந்தால் பிம்பம் மங்கலாக, லேசான ஊதா கலந்து தெரியும். ஜன்னல் கண்ணாடி போலப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் இடத்தில் பூச்சு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது.

மே மாத வெயிலில் செல் 65 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் டாப்கான் தன் மின்திறனில் சுமார் 0.30 சதவீதம் இழக்கும், பழைய பெர்க் வகை செல் 0.35. அதாவது 65 டிகிரியில் டாப்கானின் இழப்பு 12 சதவீதம், பெர்க்கின் இழப்பு 14. நம் ஊருக்கு இந்த வித்தியாசம் பெரிது. காற்று அடியில் ஓடும்படி ஸ்டாண்டை உயர்த்தி, தெற்கு பார்த்து 12, 13 டிகிரி சாய்வில் வையுங்கள். தரையில் வெள்ளைக் கூல் பெயின்ட் அடித்தால், இருபக்கக் கண்ணாடி மாடலில் பின்பக்கமும் கொஞ்சம் மின்சாரம் தரும்.

கழுவுவது விடியற்காலையில் மட்டும். சூடான கண்ணாடியில் ஊற்றிய போர் தண்ணீர் உடனே காய்ந்து உப்புக்கறையாகிவிடும்; அதைப் போக்கக் கம்பி நார் போட்டால் கறையோடு பூச்சும் போய்விடும். மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர், மென்மையான துணி, ரப்பர் வைப்பர் போதும். சோப்புத்தூள் வேண்டாம்.

"நானோ ஸ்பிரே" என்று தனியாக விற்பதை வாங்காதீர்கள். அது நுண்துளைகளை அடைத்தால் ஏற்கெனவே உள்ள பூச்சின் பலனே குறையும், வாரண்டிக்கும் சிக்கல்.

வீட்டு சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்யா கர் மானியம் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) வேண்டுமென்றால், டி.சி.ஆர். பேனல்தானா, அதாவது பேனலோடு செல்லும் இந்தியாவில் செய்ததுதானா என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.