பழைய பிக்கப்பில் மெசின் இழுக்கிறவர்கள் கவனம்: கறுப்புப் பெயின்ட் அடித்த ஸ்பிரிங் பிளேட்

வன்னியில் பழைய பிக்கப் ஒன்றை வைத்துக்கொண்டு ரெயிலர், தண்ணித் தாங்கி, கலவை மெசின் என்று இழுத்துப் பிழைக்கிற ஆட்களுக்காக எழுதுகிறேன். போன வைகாசியில் எனக்கு நடந்தது. மூன்று பொடியளோடு நான் உயிரோடு வீடு வந்து சேர்ந்தது கடவுள் புண்ணியம்.

நான் மாங்குளம் பக்கம் வீடு கட்டுகிற வேலை எடுத்துச் செய்கிறவன். என்னிடம் இருப்பது 1990களில் இறங்கிய ஹைலக்ஸ், 2.8 டீசல். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எங்கள் ஊரில் யாரும் வண்டி மாற்றவில்லை, இருந்ததைத் திருத்தித் திருத்தித்தான் ஓடினோம். என்னுடையதும் அப்படித்தான். பின்பெட்டியில் 15 பை சீமெந்து ஏற்றினால் பை 50 கிலோ, அதுவே 750 கிலோ. அதற்குப் பின்னால் கலவை மெசின். மெசினின் பாரம் கொளுக்கியில் விழும், கொளுக்கி பின் அச்சுக்கும் பின்னால் நிற்கிறது. நெம்புகோல் வைத்தது போல அது முன்பக்கத்தைத் தூக்கும். ஸ்டியரிங் லேசாகி, இரவில் லைட் மரத்து உச்சியில் அடிக்கும்.

இந்தப் பாரத்தைத் தாங்குவது பின் அச்சில் அடுக்கடுக்காகப் பூட்டிய உருக்கு ஸ்பிரிங் பிளேட்டுகள். பிளேட் களைத்துப் போனதைக் கண்ணாலே பார்க்கலாம். வெறும் வண்டியில் இரண்டு நுனியும் மேல்நோக்கி வளைந்து வில் போல நிற்கவேண்டும். என்னுடையது வெறும் வண்டியிலேயே தட்டையாகிவிட்டது. பாரம் ஏற்றினால் மற்றப் பக்கம் வளையும், குழியில் விழும்போது அச்சு போய் சேசிஸ் ரப்பரில் இடிக்கும். மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன். அதில் பிழையில்லை. யாரிடம் கொடுத்தேன், எப்படிக் கொடுத்தேன் என்பதில்தான் பிழை.

ஏ9 வீதிக் கரையில் ஒரு கராஜ். பெயர் எழுதப் போவதில்லை. கராஜ்காரரிடம் எல்லாம் சொன்னேன்: இவ்வளவு சீமெந்து ஏற்றுவேன், மெசின் இழுப்பேன், முத்தையன்கட்டு உள்றோட்டில் ஓடுவேன். "பயப்பிடாதையுங்கோ அண்ணை, கொழும்பு பஞ்சிகாவத்தையிலை இருந்து புத்தம் புது செட் ஒண்டு வந்து கிடக்கு. மேலாலை ஒரு ஹெல்பர் பிளேட்டும் போட்டுத் தாறன், பிறகு லொறி மாதிரி ஏத்தலாம்" என்றார். ஹெல்பர் என்றால் கூடுதல் பாரம் தாங்க மேலே போடும் மேலதிகப் பிளேட். இரண்டு பக்கத்துக்கும் 74,000 ரூபாய், வேலைக்கூலி 9,000. பின்னேரம் வந்து எடுக்கச் சொன்னார். நானும் கம்பி வாங்க வேண்டியிருந்ததால் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பிளேட் பளபளவென்று கறுப்பாக இருந்தது. வண்டியின் பின்பக்கம் முன்னையதைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. கழற்றிய பழசைக் கேட்டேன், இரும்புக்காரனுக்குப் போட்டாச்சாம். பில் கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டதாம். அந்த இரண்டு பதிலையும் கேட்டும் 83,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த நாளே பிறேக்கில் வித்தியாசம் தெரிந்தது. மிதித்தால் மூக்கு குத்தும், முன் சில்லு சூடாகும், பின்பக்கம் பிடிக்கிற மாதிரியே இல்லை. வண்டி எடுக்கும்போது அடியில் ஒரு "டொக்". புது பிளேட் படியும்வரை அப்படித்தான் இருக்கும் என்று கராஜ்காரர் போனில் சொன்னார். நம்பினேன்.

மூன்றாம் கிழமை, முத்தையன்கட்டில் ஒரு வீட்டுக்குக் கூரைக் கொங்கிறீட் போட்டு முடித்து, வெறும் பெட்டியோடும் மெசினோடும் ஒட்டுசுட்டான் பக்கம் வந்துகொண்டிருந்தோம். முன்னுக்கு என்னோடு இரண்டு பொடியள், பின்பெட்டியில் ஒரு பொடியன். ஒரு மதகைக் கடந்து இறங்கும்போது வெடிச்சத்தம். துவக்குச் சத்தம் போலவே இருந்தது. பின்னுக்கு இருந்த பொடியன் தட்டில் முகம் குப்புறப் படுத்துவிட்டான், அவன் 2009 யுத்தத்தில் சின்னப் பிள்ளை. வலப்பக்கப் பின் சில்லு பின்னுக்குப் போய் பெட்டியில் தேய்க்க, வண்டி குறுக்காக ஓடப் பார்த்தது. மெசின் பின்னால் இருந்து தள்ளுகிறது. பிறேக்கை ஓங்கி மிதிக்காமல் கியரிலேயே இழுத்து, கிரவல் ஓரத்தில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் பிறேக் ஹோஸ் நரம்பு போல இழுபட்டு நிற்கிறது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அறுந்திருக்கும்.

நேரம் பின்னேரம் ஐந்தரை. அந்தப் பக்கம் இருட்டினால் யானை இறங்கும். உழவு மெசினில் வந்த ஒரு ஐயா எங்கள் கலவை மெசினைத் தன் வளவுக்கு இழுத்துப் போனார், எங்களுக்குத் தேத்தண்ணியும் தந்தார். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

அடுத்த நாள் காலை புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் மோட்டார்சைக்கிளில் வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் லொறி அடியிலேயே கிடந்த மனுசன். அவர் எனக்குக் காட்டியதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உடைந்தது மெயின் பிளேட்டின் முன் கண், அதாவது நுனியைச் சுருட்டி போல்ட் போடுகிற வளையம். பின் அச்சை இடத்தில் பிடித்து வைத்திருப்பது அந்த முன் கண்தான். பின் கண் ஷக்கிள் என்ற ஆடும் இணைப்பில் ஆடிக்கொண்டிருக்கும், பாரத்தை மட்டும் தாங்கும். முன் கண் போனால் அந்தப் பக்கச் சில்லுக்குப் பிடிமானமே இல்லை. அவர் உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பிடித்தார். கொஞ்ச இடம்தான் மினுங்கும் சாம்பல் நிறம், அது நேற்று முறிந்தது. மீதி முழுக்கக் கறள். "இது பழைய வெடிப்பு தம்பி. இஞ்சை பார்" என்று நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெடிப்புக்குள்ளே கறுப்புப் பெயின்ட். வெடித்த பிளேட்டுக்கு மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது.

பிறகு கம்பி பிரஷால் மற்றப் பிளேட்டுகளைத் தேய்த்தார். பெயின்டுக்கு அடியில் அம்மைத் தழும்பு போலக் கறள் குழிகள். ஒரு இடத்தில் அரத்தை வைத்து இழுத்தார், அரம் கடித்துப் பொடி கொட்டியது. நல்ல ஸ்பிரிங் உருக்கில் அரம் இவ்வளவு லேசாகக் கடிக்காது. பழைய பிளேட்டைக் காஸால் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து வளைத்து, அப்படியே ஆறவிட்டிருக்கிறார்கள். கத்தி அடிக்கிற கொல்லன் தோய்ச்சல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங் பிளேட்டுக்கும் அதேபோல எண்ணெயில் தோய்த்து, பிறகு அளவாகத் திரும்பச் சூடாக்கினால்தான் வளைந்து நிமிரும் குணம் வரும். அந்தத் தோய்ச்சல் போய்விட்டால் அது வெறும் இரும்புப் பட்டை. வளைவு கொஞ்ச நாளில் இறங்கும், அல்லது முறியும்.

ஹெல்பர் பிளேட் வேறு ஏதோ வண்டியினது. நடு ஓட்டையைக் காஸால் வெட்டிப் பெருப்பித்திருந்தார்கள். அந்தப் பிசிர் விளிம்பிலிருந்துதான் அடுத்த வெடிப்புத் தொடங்குமாம். பிளேட்டுகளை நடுவில் ஒன்றாகக் கோர்க்கிற சென்டர் போல்ட் ஹார்ட்வெயரில் வாங்கிய சாதாரண போல்ட். அதன் தலை அச்சுக் குழிக்குள் சரியாக இருக்கவேண்டும், இதிலோ ஆடியது. அந்த "டொக்" சத்தம் அதுதான். பிளேட்டை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் பழசு. நட்டைக் கையால் சுற்றினால் பாதியில் இறுகியது, புரி இழுபட்டுவிட்டது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டுவிடும், பிளேட் மாற்றும்போது அதையும் புதிதாகப் போடவேண்டும் என்றார்.

பிறேக் பிடிக்காததற்கும் காரணம் காட்டினார். இந்த வண்டிகளில் பின் அச்சிலிருந்து சேசிஸில் உள்ள ஒரு வால்வுக்குச் சின்னக் கம்பி போகும். பாரம் ஏறிப் பின்பக்கம் பதியப் பதிய அது பின் பிறேக்குக்குக் கூடுதலாக அமுக்கம் விடும். பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கிவிட்டதால், பாரம் இருந்தும் இல்லை என்று அந்த வால்வு கணக்கெடுத்திருக்கிறது. உயரம் மாறினால் அந்தக் கம்பியையும் சரிப்படுத்தவேண்டும். என் கராஜ்காரர் அதைத் தொடவே இல்லை.

உடைந்த துண்டோடு அவரிடம் போனேன். "நீங்கள் ஓவர் லோட் அடிச்சிருக்கிறியள், ரெயிலர் இழுத்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்றார். என்ன ஏற்றுவேன் என்று முதல் நாளே வாயால் சொன்ன என்னிடமே சொன்னார். வெடிப்புக்குள் இருந்த பெயின்டைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்தேன், முதலில் கேட்டது பற்றுச்சீட்டு. என்னிடம் இல்லை. மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அழைப்பு வரட்டும்.

புதுக்குடியிருப்பு மெக்கானிக் புதிதாகப் போட்ட வேலையை நான் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தேன். கழற்றிய பிளேட்டின் கண்ணுக்குக் கண் நீளம், அகலம், ஒவ்வொன்றின் தடிப்பு, எண்ணிக்கை, சென்டர் போல்டிலிருந்து முன் கண்வரையான தூரம் எல்லாம் அளந்து எழுதித்தான் வாங்கினார். சென்டர் போல்ட் எல்லா வண்டியிலும் சரி நடுவில் இருக்காது, மாறிப்போனால் அச்சே நகர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றினார். கண்ணுக்குள் போகிற ரப்பர் புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதுசு. கண் போல்ட்டையும் ஷக்கிளையும் ஜக்கில் வைத்து லேசாகத்தான் பூட்டினார், சில்லு நிலத்தில் பதிந்து வண்டியின் பாரம் ஏறிய பிறகே கடைசி இறுக்கு. தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். ஹெல்பர் வேண்டுமா என்று கேட்டேன். "பிளேட்டைத் தடிப்பாக்கலாம் தம்பி, அச்சும் பேரிங்கும் பிறேக்கும் பழசுதானே" என்றார். போடவில்லை. இப்போது மெசின் இழுக்கும் நாளில் சீமெந்தை இரண்டு தரமாக ஏற்றுகிறேன். டீசல் கொஞ்சம் கூடத்தான் போகிறது, பரவாயில்லை.

முதல் பாரம் ஏற்றி ஓடிய பிறகு யூ போல்ட்டைத் திரும்ப இறுக்கச் சொன்னார். செய்தபோது ஒவ்வொரு நட்டும் கால் சுற்றுப் போனது.

இந்த வருஷம் ஏ9 கரையில் எங்காவது "புது செட்" என்று போட்டவர்கள், பில்லும் இல்லை, கழற்றிய பழசும் கையில் தரவில்லை என்றால், நாளைக்கு மெசினைக் கொளுவ முதல் வண்டிக்கு அடியில் போங்கள். முன் கண்ணுக்குக் கிட்டப் பெயின்டைச் சுரண்டி, கறள் குழி, வெடிப்பு, காஸ் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓட வேண்டாம். எது எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் மாங்குளத்துக்கு வாருங்கள், என்னுடைய உடைந்த துண்டு வீட்டில் இருக்கிறது, வெயிலில் பிடித்துக் காட்டுகிறேன்.