பில்லில் கார்பன் ஃபைபர், வண்டியில் ஸ்டிக்கர்: வேலூர்ப் பக்கம் கார் வேலைக்கு விடுவோர் கவனத்துக்கு

வேலூர் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு வெளியும் உள்ளும் மாற்றிக் கொடுத்தார்கள். பில்லில் இருந்தவை: காஸ்ட் ராப் (பெயின்ட் மேல் ஒட்டும் நிற ஃபிலிம்), கார்பன் ஃபைபர் டிஃப்யூசர் (பின் பம்பருக்கு அடியில் வரும் பாகம்), ராணிப்பேட்டை லெதர் சீட், 'அல்கான்டாரா லெதர்' ரூஃப். ஒரு கத்திரி வெயில் முடிவதற்குள் எல்லாம் சாயம் வெளுத்துவிட்டது.

முதலில் ராப். காஸ்ட் ஃபிலிமைத் திரவமாக ஊற்றி உலர்த்துவார்கள். கனம் சுமார் 50 மைக்ரான். இந்த வண்டியில் ஒட்டியது, உருளையில் அழுத்தி இழுத்துச் செய்த கேலண்டர்ட் ஃபிலிம். சூடு பட்டால் அது பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். பக்கவாட்டு ஏர் இன்டேக் குழிகளில் முதலில் கிளம்பி, கூடாரம் போல நின்றது. உரித்தால் கோந்து பெயின்டிலேயே தங்கிவிட்டது, அடியில் பிளேடு கோடுகள் வேறு. கிளியர் கோட்டை, அதாவது பெயின்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சைத் தாண்டிய கோடு பாலிஷுக்குப் போகாது, மறுபடி பெயின்ட்தான். ஃபிலிமைப் பிளேடு இல்லாமல், நூல் இழுத்து வெட்டும் டேப்பால் வெட்டச் சொல்லிக் கேளுங்கள். நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் பதிய வேண்டும்; அதைக் கடையில் சொல்லவே இல்லை.

டிஃப்யூசர் வெறும் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்), மேலே கார்பன் ஸ்டிக்கர். திருப்பிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்: அசலில் பின்பக்கமும் நெசவு ஓடும், இதில் சொரசொரப்பான கண்ணாடி இழை. சைலன்சர் சூட்டில் ஓரம் வளைந்துவிட்டது.

சீட்டில்தான் மனம் பொறுக்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் ஷெட்டுகள் இருக்கும் ஊரிலேயே ரெக்சினைத் தோல் என்று விற்றிருக்கிறார்கள். வெட்டிய துண்டின் பின்புறம் பாருங்கள். துணி தெரிந்தால் ரெக்சின், சீரற்ற நார் தெரிந்தால் தோல். அசல் தோலாகவே இருந்தாலும் ஷூவுக்குப் பதனிட்ட ஆட்டுத்தோல் காருக்கு ஆகாது. ஒரு தோல் சில சதுர அடிதான் வரும், ஒட்டுப் போட வேண்டும். வெயிலில் நிறமும் நிற்காது. கார் சீட்டுக்கென்றே பதனிட்ட, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள மாட்டுத்தோல் வேண்டும். அல்கான்டாரா என்பதோ தோலே கிடையாது, பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த செயற்கைத் துணி. 'அல்கான்டாரா லெதர்' என்று பில் போடுகிறவருக்குப் பொருளே தெரியாது, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஏர்பேக். இந்த சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் சைடு ஏர்பேக் இருக்கிறது. அது வெடித்து வெளிவர அந்த ஓரத் தையல் பிரிய வேண்டும். அதற்கென்றே அளவாக அறுந்துபோகும் நூலில் கம்பெனி தைத்திருக்கும். கடையில் அதைப் பிரித்து, கெட்டி நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுவிட்டார்கள். விபத்தில் பை நேரத்துக்கு வெளியே வராது. டேஷ்போர்டுக்குத் தோல் போர்த்தினாலும் இதே கதைதான்: ஏர்பேக் மூடிமேல் வரும் தோலைப் பின்பக்கம் கீறி மெலிதாக்காமல் ஒட்டவே கூடாது.

சீட்டைக் கழற்றும்முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துச் சில நிமிடம் விட வேண்டும். அதைச் செய்யாமல் சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயரை இணைக்கும் மஞ்சள் கனெக்டரைப் பிடுங்கி, இக்னிஷனையும் போட்டால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். சில இடங்களில் அங்கே ஒரு ரெசிஸ்டரைச் செருகி விளக்கை அணைத்துவிடுகிறார்கள். பிறகு ஏர்பேக் இணையாமலே மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும். வண்டியை எடுக்கும்போது டார்ச் அடித்து சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள்: மஞ்சள் கனெக்டர் சீட்டுக்குள் போகும் ஒயரோடுதான் சேர்ந்திருக்க வேண்டும்.