கடலுக்குள்ள ஷூ போட்டு எறங்கணுமா? ஒரு அக்வா ஷூ ரிவ்யூ

எங்க மார்த்தாண்டம் பக்கம் கடலுக்கு போனா செருப்ப மணல்ல கழட்டி போட்டுட்டு ஓடுறதுதான் வழக்கம், காலுக்குன்னு தனியா ஒண்ணு வாங்குறத யாரும் கேள்விப்பட்டது கூட இல்ல, அதனால நான் அக்வா ஷூ ஆர்டர் பண்ணப்பவே வீட்ல நக்கல் தொடங்கிட்டு. வாங்குனது போன சீசன்ல, 800 ரூபாய்க்குள்ள. பிராண்ட் பேரு சொல்லல, ஏன்னா இதே ஐட்டம் வேற வேற பேருல ஆன்லைன்ல கெடக்கு, பாத்தா எல்லாம் ஒரே அச்சு மாதிரிதான் இருக்கு. மேல இழுபடுற துணி, கீழ சின்ன சின்ன ஓட்டை போட்ட ரப்பர் சோல், குதிகால் பக்கம் பிடிச்சு இழுக்க ஒரு பட்டை, முன்னாடி எலாஸ்டிக் கயிறு. டப்பா மேல ஒருத்தன் கைய வீசி நீந்துற மாதிரி படம் வேற. நீந்துறதுக்கு இது ஆவாது, அத பின்னால சொல்றேன், மொதல்ல நல்லத சொல்லிடுறேன்.

பாறைக்கு இது கொள்ளாம். சும்மா சொல்லல, முட்டம் பாறையில தண்ணி ஓரம் எறங்கி பாத்தவங்களுக்கு தெரியும், கொட்டலசு, அதான் பாறையில கல்லு மாதிரி ஒட்டி வளர்ற ஓட்டு உயிரு, அது ஒட்டி கெடக்குற எடத்துல வெறுங்கால வச்சா பிளேடு வச்சு கீறுன மாதிரிதான். சிப்பி ஒட்டியிருக்குற பாறையும் அப்படியே, ஓரம் அவ்வளவு கூர்மை. அலை ஒரு தள்ளு தள்ளுனா கால் எங்க போய் பதியும்னு நம்ம கையில இல்ல. இந்த ஷூவோட பாறை மேல ஏறி எறங்குறப்போ கீழ கூர்மையா ஏதோ இருக்குன்னு தெரியும், ஆனா குத்தாது, அந்த அளவுக்கு சோல் சரியா இருக்கு. கேரளா கோவளத்துல ரெண்டு பீச்சுக்கு நடுவுல இருக்குற பாறைகள்லயும் போட்டு நடந்தேன், ஒரு கீறல் இல்ல. கடல்ல பட்ட கீறல் சின்னதா இருந்தாலும் லேசுல ஆறாது பாத்துக்கிடுங்க, உள்ள மணலும் சிப்பி தூளும் தங்கிரும், அப்புறம் சீழு, டாக்டர், ஊசி. உப்புத்தண்ணி பட்டா புண்ணு தன்னால ஆறிரும்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு, அத நம்பாதீங்க, கடல் தண்ணியிலயே விப்ரியோன்னு ஒரு பாக்டீரியா வகை இருக்கு, அது தெறந்த புண்ணு வழியா உள்ள ஏறும்.

ஆனா பாசி? பாசியில இந்த சோல் அவ்வளவு புடிக்கல. காஞ்ச பாறை, சொரசொர பாறை, அங்க நல்லா நிக்குது. பச்சையா வழவழன்னு இருக்குற கல்லுல வெறுங்காலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, சொல்லப்போனா வெறுங்கால்ல வெரல வச்சு ஒரு பிடி கெடைக்கும், இதுல அதுவும் இல்ல. நம்ம மேற்கு கடற்கரை ஊரு ஊரா தூண்டில் வளைவு, அதான் கடல் அரிப்ப தடுக்க கடலுக்குள்ள நீட்டி கல்லு கொட்டுனது, போட்டிருக்காங்கல்ல, அந்த கல்லு மேல ஷூ இருக்குன்னு தைரியத்துல பசங்க ஓடி குதிக்கிறத பாத்தா எனக்கு வயித்த கலக்குது. அந்த கல்லுக்கு நடுவுல கால் மாட்டுனா எந்த ஷூவும் உதவாது.

இப்போ நீச்சல். ஆழத்துக்கு போனதும் ஷூ ஒரு பாரம். எடையினால இல்ல, எடை கம்மிதான். நேரா காலடிச்சு நீந்துறப்போ பாதம் பின்னால நீண்டு, கணுக்கால் தளதளன்னு ஆடணும், அப்பதான் தண்ணிய பின்னாடி தள்ளி நம்ம முன்னாடி போக முடியும். ரப்பர் சோல் பாதத்த வளைய விடாது, போதாக்குறைக்கு ஓரமெல்லாம் தண்ணிய பிடிச்சு இழுக்கும், அதனால கால் அடிக்க அடிக்க மூச்சு வாங்குறதுதான் மிச்சம், ஆள் அங்கேயே நிக்கான். தவளை நீச்சல்ல இவ்வளவு தொல்லை இல்ல, அதுல பாதத்த மடக்கி உதைக்குறதுனால ஓரளவு சமாளிக்கலாம். இதுலயே நியோபிரீன்ல செஞ்ச தடிமன் பூட் மாதிரி ஒண்ணு வருது, அந்த ரப்பருக்குள்ள காத்து குமிழ் இருக்கும், அதனால மிதக்கும், காலு மேல தூக்கிக்கிட்டு வரும், பழகாதவங்களுக்கு அது வேற ஒரு எரிச்சல். தேங்காப்பட்டணத்துல கரையில வலை சரி பண்ணிட்டிருந்த ஒரு பெரியவர் என் கால பாத்துட்டு "ஏ மக்களே, மீனுக்கு ஜோடு போட்டா நீந்துமா"ன்னு கேட்டாரு, சுத்தி இருந்தவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவரு கேட்டதுல ஞாயம் இருக்கு.

அப்போ என்ன பண்றது? நான் பண்றது இதுதான், பாறையோ சிப்பி ஓடோ உள்ள எடத்த தாண்டுற வரைக்கும் போட்டுக்கிடுவேன், இடுப்பளவு தண்ணி வந்து கீழ மணல்னு தெரிஞ்சதும் கழட்டி கரையில நிக்குற ஆள்கிட்ட வீசிருவேன். கயிறு வச்ச ஷூவ தண்ணிக்குள்ள கழட்டுறது பெரும்பாடு, இது இந்த மாடலோட பெரிய கொறை. கயிறே இல்லாத சாக்ஸ் மாதிரி வகை இருக்கு, அத சட்டுனு உருவலாம், ஆனா அதோட சோல் ரொம்ப மெலிசு.

வெறும் மணல் பீச்சுக்கு தேவையான்னு கேட்டா, சொத்தவிளை மாதிரி எடத்துல கால் நனைக்க போறவங்களுக்கு நான் வாங்க சொல்ல மாட்டேன். மணல் உள்ள ஏறி வெரலுக்கு நடுவுல அரைக்கும், கொஞ்ச நேரத்துல கொப்புளம். ஓட்டை வழியா தண்ணி வெளிய போகுதே தவிர மணல் போறதில்ல. மணவாளக்குறிச்சி பக்கம் கருமணல் கெடக்குற எடத்துல மத்தியானம் நடக்கணும்னா மட்டும் இது தெய்வம், அந்த கருப்பு மண்ணு வெயில்ல தோசைக்கல்லு கணக்கா கொதிக்கும்.

திருக்கைக்கு ஷூ போட்டா போதும்னு நெறைய பேர் எழுதுறாங்க. போதாது. திருக்கை மணலுக்குள்ள பொதஞ்சு கெடக்கும், மேல மிதிச்சா வால சொழட்டி அடிக்கும், அந்த வால்ல உள்ள முள்ளு குத்துறது கணுக்காலுக்கு பக்கத்துலதான் ஜாஸ்தி, அங்க இந்த ஷூவுல வெறும் துணி, முள்ளுக்கு முன்னாடி அது நிக்காது. தடிமன் ரப்பரையே அது தொளைச்சிரும். கால தூக்கி தூக்கி வைக்காம மணல்ல தேச்சுக்கிட்டே நடந்தா அது அதிர்வு தெரிஞ்சு ஒதுங்கிப் போயிரும், காசு செலவில்லாத வழி இது. குத்திருச்சுன்னா தாங்குற சூட்டுல வெந்நீர், 45 டிகிரிக்கு மேல போகாம, அதுல 30 நிமிஷத்துல இருந்து 90 நிமிஷம் வரைக்கும் கால வைக்கணும், வலி கொறையும், அப்புறம் ஆஸ்பத்திரி. கடல் முள்ளெலியோட நீள முள்ளும் இந்த மாதிரி மெலிசு சோல்ல ஏறிரும். சொறிமீன் பத்தி கேக்கவே வேண்டாம், அது தொடையில, வயித்துலதான் உரசும்.

இதுல ஒரு ஆளுக்கு மட்டும் நான் கண்டிப்பா போடணும்னு சொல்லுவேன், சுகர் உள்ளவங்களுக்கு. மணலோ பாறையோ பேதமில்ல. எங்க அத்தைக்கு சுகர், கால்ல உணர்ச்சி கொறைவு, முள்ளு குத்துனா கூட தெரியாது, சூடு மணல்ல நின்னாலும் தெரியாது, காயம் இருக்குன்னு வீட்டுக்கு வந்து கழுவுறப்போதான் தெரியும். கன்னியாகுமரியில ஆடி அமாவாசைக்கு முங்க போறப்போ ஷூ போட சொன்னேன், "கடலம்மைய செருப்பு காலோட மிதிக்கவாலே சொல்லுத"ன்னு ஒரே பிடிவாதம். அப்புறம் அத்தை, இது செருப்பு இல்ல, துணி, காலுறை மாதிரின்னு சொல்லி, புது ஜோடி வாங்கி, அதுவும் வேற எங்கயும் போட மாட்டோம்னு ஒத்துக்கிட்டுத்தான் போட்டாங்க. சாமி கோவிச்சா நான் பாத்துக்கிடுறேன். சுகர் ஆளுங்க வாங்குறப்போ உள்ள தையல் தடிப்பா இருக்கான்னு கைய விட்டு பாத்துருங்க, ஷூவே உரசி புண்ணு வந்தா கதை கந்தல்.

ஷூ பேச்சுலயே இன்னொண்ணும் சொல்லணும். கால காப்பாத்துறது வேற, ஆள காப்பாத்துறது வேற. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல டாக்டருக்கு படிச்ச 5 பேர் அலையில சிக்கி செத்துப்போனாங்க, அந்த நேரம் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்துச்சு. வானம் தெளிவா இருக்கும், காத்து இருக்காது, தூரக்கடல்ல கெளம்புன அலை திடீர்னு கரையேறும், அதுதான் கள்ளக்கடல். எச்சரிக்கை இருக்கான்னு ஃபோன்ல ஒரு தடவை பாத்துட்டு கெளம்புங்க. கோவளத்துல லைஃப்கார்ட் செகப்பு கொடி நட்டிருந்தா ஷூவோட போய் நின்னு வாக்குவாதம் பண்ணாதீங்க, அவரு உங்க கால பாத்து சொல்லல, அலைய பாத்து சொல்றாரு.

சரி, ஐட்டத்துக்கு வாறேன். சைஸ் பொறுத்தவரை, நடக்குற ஷூவுக்கு விடுற மாதிரி இடம் விட்டு வாங்குனா தண்ணி நெறஞ்சு அலையில கழண்டு போயிரும், குதிகால் பிடிச்சு நிக்கணும், பெருவெரல் மடங்கக் கூடாது, அவ்வளவுதான். சாயங்காலம் போட்டு பாருங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். போட்டு முடிச்சதும் நல்ல தண்ணியில அலசி நெழல்ல காய போடணும், வெயில்ல போட்டா ரப்பர் மொரமொரன்னு ஆயிரும், அலசாம பையில சுருட்டி வச்சா மறுநாள் அந்த நாத்தத்துக்கு பஸ்ல பக்கத்து சீட்டு காலி. எனக்கு வலது கால்ல வெரல் பக்கம் சோலும் துணியும் ஒட்டுன எடம் விட்டுப்போச்சு, விக்குறவனுக்கு மெசேஜ் போட்டதுக்கு ரிட்டர்ன் டைம் முடிஞ்சுன்னு ஒத்த வரி பதில். செருப்பு தைக்குற அண்ணன்கிட்ட குடுத்து சுத்தி தைச்சு வாங்குனேன், 40 ரூபா, இப்போ கம்பெனி ஒட்டுனத விட உறுதியா நிக்குது.

அஞ்சுக்கு மூணு குடுப்பேன். பாறை பக்கம் போறவங்க, சுகர் உள்ளவங்க வாங்கலாம், கொஞ்சம் கூட காசு போட்டு வெரல் முன்னாடி ரப்பர் ஏத்தி கட்டுன மாடலா பாருங்க. பிள்ளைகளுக்குன்னா ஆன்லைன் வேண்டாம், கடைக்கு கூட்டிட்டு போய் போட்டு பாத்து வாங்குங்க.